எந்தப் படியால் அளப்பது?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஆகஸ்ட் 1 ஒரு கணக்கு நாள். அன்றைக்குப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ அதை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். தொடக்கப் பள்ளி என்றால் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அதற்குமேல் 30 பேருக்கு ஒருவர் என்ற வீதம். ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். இந்தக் கணக்குக்கு மேல் நிற்பவர் 'உபரி'. அவரை ஆள் குறைவான பள்ளிக்கு அனுப்புவதற்குத் துறை வைத்திருக்கும் பெயர் 'பணி நிரவல்'. அரசாணைத் தமிழில் இப்படி ஒரு சொல் அகப்படுவது அபூர்வம். வயல்காட்டுச் சொல் அது. மேடு தட்டிய இடத்து மண்ணை வெட்டிப் பள்ளத்தில் தள்ளிச் சமன் செய்தால்தான் மடையில் திறந்த தண்ணீர் மூலைவரை போகும். மேட்டுக்கு ஒரு கூடை, பள்ளத்துக்கு ஒரு கூடை என்று கொட்டிக்கொண்டு போவதை எந்த உழவரும் நிரவல் என்று சொல்லமாட்டார். அப்படிக் கொட்டினால் வயல் பழைய மேடு பள்ளத்தோடு ஒரு கூடை உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களையும் பிசியோதெரபிஸ்டுகளையும் நாம் பள்ளிகளுக்குப் பங்கிடும் முறை இந்தக் கூடைக் கணக்காகவே இருக்கிறது என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

முதலில் பெயரிலேயே ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் 'சிறப்பாசிரியர்' என்றால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி சொல்லித்தருபவர். பார்வையற்ற பிள்ளைக்கு பிரெய்ல் சொல்லித்தருபவரும், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடப் பழக்குபவரும் 'சிறப்புப் பயிற்றுநர்'. ஆசிரியர் என்ற சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. இதை வெறும் சொல் விவகாரம் என்று தள்ளமுடியாது. ஆசிரியர் என்றால் ஒரு பள்ளியில் அவருக்கென்று ஒரு பணியிடம் இருக்கும். ஆகஸ்ட் 1 கணக்கில் அவர் வருவார். கலந்தாய்வில் அந்த இடம் காலி என்று திரையில் தெரியும். சிறப்புப் பயிற்றுநர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய இடம் எந்தப் பள்ளியிலும் இல்லை. வட்டார வள மையத்தில், பேச்சு வழக்கில் பி.ஆர்.சி.யில், இருக்கிறது. அங்கிருந்து அவர் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பமில்லை. 2021 அக்டோபர் 28 அன்று ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வீதத்தைச் சொன்னது: தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், அதற்குமேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர். அடுத்த ஆண்டு ஒன்றிய அரசு அதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்தது. 2025 மார்ச் 7 அன்று அதே வழக்கில், பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. வீதம் வந்தது பெரிய காரியம். அதற்கு முன் பள்ளி நிர்வாகத்திடம் கேட்பதற்கு ஒரு எண்கூட இல்லை. ஆனால் 10-க்கு ஒன்று என்பது மாநிலம் மொத்தத்துக்கும் எத்தனை ஆள் வேண்டும் என்பதற்கான விடை. அந்த ஆள் எங்கே இருக்கவேண்டும் என்பதற்கு அதில் விடை கிடையாது. ஐந்து வகுப்பிலும் சேர்த்து 40 பிள்ளைகள் படிக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு மாற்றுத்திறன் பிள்ளைகள் இருந்தால், வீதப்படி அந்தப் பள்ளிக்கு வருவது ஐந்தில் ஒரு ஆசிரியர். அந்த ஐந்தில் ஒரு பங்கை யார், எந்தக் கிழமை, எந்த வண்டியில் கொண்டுவந்து சேர்ப்பது என்ற இடத்தில்தான் நியாயமும் அநியாயமும் தீர்மானமாகின்றன.

ஆட்டையாம்பட்டியை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து மல்லசமுத்திரம் வழியாகத் திருச்செங்கோடு போகிற பாதையில் உள்ள பேரூர். வெளியூர்க்காரர்களுக்குக் கைமுறுக்கு, உள்ளூர்க்காரர்களுக்கு முறுக்கோடு சேர்த்துத் தறி. கல்விக் கணக்கில் வீரபாண்டி வட்டாரம். சேலம் மாவட்டத்தின் 20 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றான வீரபாண்டி சமவெளிப் பகுதி. சாலை உண்டு, பஸ் உண்டு, இளம்பிள்ளை போன்ற நெசவு ஊர்கள் நெருக்கமாக உண்டு. அதே மாவட்டத்தில் ஏற்காடும் ஒரு வட்டாரம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வருவது ஏற்காடு டவுன் மட்டும்தான். பள்ளிகள் அதற்கப்பால் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. பக்கத்து நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை ஒரு வட்டாரம், 70 வளைவு. பங்கீட்டின் அலகு வட்டாரம். பெரும்பாலும் வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், சில சிறப்புப் பயிற்றுநர்கள். வீரபாண்டிக்கும் ஒருவர், கொல்லிமலைக்கும் ஒருவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தாளில் பாரபட்சம் எதுவும் தெரியாது.

தாளை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்போம். ஒரு பயிற்றுநருக்கு வாரம் ஐந்து நாள். ஒரு நாள் வள மையத்துப் பயிற்சிக்கு, ஒரு நாள் பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளின் வீட்டுக்கு என்று போனால், பள்ளிகளுக்கு மிச்சம் மூன்று நாள். சமவெளியில் காலையில் ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஆறு பள்ளி. அவர் பொறுப்பில் 24 பள்ளிகள் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரு பள்ளிக்கு அவர் திரும்ப வர நான்கு வாரம் ஆகும். வந்த நேரத்தில் ஒரு பிள்ளையோடு ஒரு மணி நேரம். பத்து மாதக் கல்வியாண்டில் அந்தப் பிள்ளைக்கு மொத்தமாகக் கிடைப்பது பத்து மணி நேரம். மலையில் ஒரு நாளைக்கு ஒரு பள்ளிக்குத்தான் போய்த் திரும்பமுடியும் என்றால் அதே 24 பள்ளியைச் சுற்ற எட்டு வாரம். பிள்ளைக்கு ஆண்டுக்கு ஐந்து மணி நேரம். ஆள் கணக்கில் இரண்டு வட்டாரமும் சமம். பிள்ளை கணக்கில் ஒன்று மற்றதில் பாதி. இந்த எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. எண்ணை மாற்றினாலும் மலைக்கும் சமவெளிக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறாது. நாம் நிரவவேண்டியது ஆட்களையா, அந்த மணி நேரத்தையா?

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குக் கெண்டைக்கால் தசை இறுகியிருக்கும். பிசியோதெரபிஸ்ட் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முழங்காலை மடங்கவிடாமல் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெல்ல மேல்நோக்கித் தள்ளி, அரை நிமிடம் அப்படியே நிறுத்துவார், விடுவார், மறுபடி. பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். எலும்பு வளர்ந்துகொண்டே போகிறது, தசை கூட வளரவேண்டும். நீட்டிவிடாத தசை குட்டையாகவே நின்றுவிடும். பிள்ளை முன்பாதத்தில் நடக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு மாவுக்கட்டு, இல்லையென்றால் அறுவை. இந்த வேலையை நான்கு வாரத்துக்கு ஒரு முறை செய்வதும் செய்யாததும் ஏறக்குறைய ஒன்று. தினமும் செய்ய யாராவது பழகிக்கொண்டால்தான் பலன். பொத்தான் போடப் பழக்குவதும் அப்படித்தான். தேர்ந்த பயிற்றுநர் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்: பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, மறுபக்கம் இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுவார். இழுத்ததும் வேலை முடிந்துவிடுகிறது, பிள்ளைக்கு ஜெயித்த சந்தோஷம். அடுத்த வாரம் அதற்கு முந்தைய படி. இடையில் ஒரு மாதம் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்துதான். இந்த வேலைக்கு உயிர் தொடர்ச்சியில் இருக்கிறது. வட்டாரத்துக்கு இத்தனை பேர் என்ற அளவை தொட்டுக்கூடப் பார்க்காத சங்கதியும் இந்தத் தொடர்ச்சிதான்.

சரி, வட்டாரத்துக்கு ஒரு ஆள் என்பதை விட்டுவிட்டு, எங்கே மாற்றுத்திறன் பிள்ளைகள் அதிகமோ அங்கே அதிக ஆள் என்று வைத்தால் போதாதா? கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, பலரும் சொல்கிற தீர்வும் இதுதான். நான் இதைத்தான் மிகவும் சந்தேகிக்கிறேன். காரணம், எண்ணிக்கை தானாக வருவதில்லை. எண்ணுகிறவர் இருக்கிற இடத்தில்தான் வரும். மக்கள்தொகைக் கணக்கையே பாருங்கள். 2001-இல் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16.42 லட்சம். 2011-இல் 11.79 லட்சம். பத்தாண்டில் மாநிலத்தின் மக்கள்தொகை ஒரு கோடிக்கு அருகில் கூடியிருக்க, மாற்றுத்திறனாளிகள் மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டார்களாம். யாருக்கும் கண் திரும்பவில்லை, கால் முளைக்கவில்லை. கேட்ட கேள்வியும் வரையறையும் மாறின, அவ்வளவுதான். பத்தாண்டுக்கு ஒரு முறை வீடு வீடாக வந்து எடுக்கிற கணக்கே இப்படி என்றால், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே குறைபாட்டின் வகை ஏறுவது எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று யோசிக்கலாம். 1995 சட்டத்தில் ஏழு வகைகள்தான்; 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடு சட்டத்துக்குள் வந்தது அப்போதுதான். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம். எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற பிள்ளையை, ஒரு காதில் மட்டும் கேட்கிற பிள்ளையை, பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து கவனித்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த ஒருவர் வராத பள்ளியில் அவன் 'படிப்பு ஏறாதவன்', கடைசி பெஞ்ச். பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் அந்தப் பள்ளிக்கு ஆள் தேவையில்லை. ஆள் வராததால் பட்டியல் நீளாது. 'நலம் நாடி' செயலியில் வகுப்பாசிரியரே முதற்கட்டமாகப் பதிவுசெய்யும் ஏற்பாடு இந்த வளையத்தை ஓரளவு உடைக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் செயலி சந்தேகத்தைப் பதியும். முகாமில் மருத்துவர் பார்த்துச் சான்று தந்தால்தான் அது கணக்காகும். முகாமுக்குக் கூட்டிப்போகத் தாய்க்கு ஒரு நாள் கூலி போகவேண்டும். தறி ஓட்டுகிறவருக்கும் முறுக்குச் சுற்றுகிறவருக்கும் ஓட்டின அளவுக்கும் சுற்றின எண்ணிக்கைக்கும்தான் காசு.

இந்தச் சிக்கலில் நமக்கு முன்னே விழுந்து எழுந்தவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் 2003-இல் 'முதுகுப்பை' என்று செல்லப் பெயர் பெற்ற ஒரு முறை வந்தது: குறைபாடு உறுதியான பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அந்தப் பள்ளிக்குப் பணம் பிள்ளையின் முதுகிலேயே போகும். அழகான யோசனை. பணம் சான்றிதழோடு ஒட்டிக்கொண்டதால் சான்றிதழ்கள் பெருகின, செலவும் ஏறியது, 2014-இல் அதைக் கைவிட்டு, வட்டாரத்துப் பள்ளிகளின் கூட்டமைப்புக்கு மொத்தமாக நிதி தரும் முறைக்கு மாறினார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் நேர்எதிர்த் திசையில் போய் விழுந்தது. 2004-இல் அங்கே கல்வித் துறை, மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் அந்த மாவட்டத்தைக் கேள்வி கேட்பது என்று ஒரு அளவுகோல் வைத்தது. சில ஆண்டுகளில் மாநிலத்தின் சதவீதம் அந்த எண்ணுக்கே வந்து நின்றது. 2016-இல் ஹூஸ்டன் குரோனிக்கிள் நாளேடு இதை வெளிக்கொண்டுவந்தது; 2018-இல் அமெரிக்கக் கல்வித் துறையே அது சட்டமீறல் என்று அறிவித்தது. ஓரிடத்தில் எண்ணுவதற்குக் காசு கொடுத்தார்கள், எண்ணிக்கை வீங்கியது. இன்னோரிடத்தில் எண்ணினால் திட்டினார்கள், எண்ணிக்கை வற்றியது. இரண்டு இடத்திலும் பிள்ளைகள் என்னவோ முன்பிருந்தவர்களேதான்.

ஆகவே அடிப்படைப் பங்கைப் பட்டியலிலிருந்து பிரித்து மொத்த மாணவர் எண்ணிக்கையோடு கட்டவேண்டும் என்பது என் வாதம். ஒரு பகுதியில் இத்தனை ஆயிரம் பிள்ளைகள் படித்தால் அவர்களில் ஒரு பங்கினருக்கு உதவி தேவைப்பட்டே தீரும். அதற்குச் சான்றிதழ் வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் முதலில் போகட்டும். பட்டியல் பின்னால் வரட்டும். அதற்குமேல் மூன்று காரணங்களுக்காகக் கூடுதல் பங்கு: பயண நேரம், வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் தீவிரக் குறைபாடுள்ள பிள்ளைகள், குறைபாட்டின் வகை. இந்தக் கடைசி விஷயம் அடிக்கடி மறந்துபோகிறது. சிறப்புக் கல்விப் பட்டமே செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு என்று பிரிவுவாரியாகத்தான் தரப்படுகிறது. அந்தப் பிரிவிலேயே இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவாகிறது. செவித்திறன் பிரிவில் படித்தவரை பிரெய்ல் தேவைப்படுகிற பிள்ளையிடம் அனுப்பிவிட்டு '10-க்கு ஒன்று நிறைவேறியது' என்று எழுதுவது, பல் வலிக்குக் கண் மருத்துவரிடம் அனுப்பிய கதை.

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்று எனக்குக் கனமாகத் தெரிகிறது: சிதறடிக்காதீர்கள், குவியுங்கள் என்பது. வட்டாரத்துக்கு ஒரே பள்ளியைத் தேர்ந்து, எல்லாப் பயிற்றுநர்களையும் கருவிகளையும் அங்கே வைத்து, பிள்ளைகளை வேனில் கூட்டி வரலாமே? பயிற்றுநரின் நேரம் சாலையில் கழியாது, பிள்ளைக்குத் தினமும் உதவி கிடைக்கும். செவித்திறன் குறைந்த பிள்ளைகள் விஷயத்தில் இதில் பெரும் உண்மை இருக்கிறது. சைகை மொழி ஒரு மொழி. பேச இன்னொருவர் இல்லாத மொழி வளராது. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே தனியாக ஒரு காது கேளாத பிள்ளையை உட்காரவைத்து அதை உள்ளடக்கிய கல்வி என்று சொல்வது கொடுமை. அந்தப் பிள்ளைகளுக்குக் குவிப்பே நியாயம். ஆனால் மற்றவர்களுக்கு? கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியைக் குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த நாட்களில், பிள்ளை இருக்கிற இடத்துக்குப் பள்ளி போகவேண்டும் என்பதைத் தமிழ்நாடு கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. நன்றாக நடக்கிற பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டர், நடக்கமுடியாத பிள்ளைக்கு வட்டாரத் தலைநகரம் என்றால் அந்தக் கொள்கையைத் தலைகீழாக்கியது போலாகும். வேனும் நாள்தோறும் வரவேண்டும்; கூட ஒருவர் போகவேண்டும்; போகிறவர் தாய்தான்.

வகுப்பாசிரியரே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசிரியராக இருக்கட்டும், சிறப்புப் பயிற்றுநர் என்ற தனி ஆள் வந்தால் 'அது அவங்க புள்ள' என்று மற்றவர்கள் கைகழுவிவிடுவார்கள் என்கிற மறுப்பும் உண்டு. கைகழுவுகிறார்கள் என்பது உண்மைதான். எல்லா ஆசிரியருக்கும் பயிற்சி தேவை, உச்ச நீதிமன்றமும் அதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மூன்று வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். அவரிடம் கெண்டைக்கால் தசையையும் கொடுக்கமுடியாது. கொடுக்கமுடிவது, பயிற்றுநர் வாரம் ஒரு முறை வந்து செய்துகாட்டியதைத் தினமும் ஐந்து நிமிடம் தொடர்வது. அதற்கு அவர் வாரம் ஒரு முறையாவது வரவேண்டும்.

இன்னொரு மறுப்பு நம் ஊர் அரசியலைத் தெரிந்தவர்கள் சொல்வது. வட்டாரத்துக்கு இத்தனை என்ற சமப் பங்கீடு மொட்டையாக இருந்தாலும் யாரும் கை வைக்கமுடியாது. தூரத்துக்கு இத்தனை புள்ளி, தீவிரத்துக்கு இத்தனை புள்ளி என்று போனால் சிபாரிசு நுழைந்துவிடும் என்பது. அச்சம் வாஸ்தவம். ஆனால் பொது ஆசிரியர் இடமாறுதலில் இதே அச்சத்துக்கு இதே துறை கண்ட மருந்து, காலியிடங்களைத் திரையில் போட்டு, முன்னுரிமைப் பட்டியலை முன்கூட்டி வெளியிட்டு நடத்தும் கலந்தாய்வு. குறையே இல்லாத மருந்து இல்லை. ஆனால் அதற்கு முன்பிருந்த நிலையைப் பார்த்தவர்கள் அதைக் குறைத்துப் பேசமாட்டார்கள். புள்ளிகளையும் ஒவ்வொரு பள்ளிக்கும் வந்த நேரத்தையும் அப்படியே வெளியிடலாம். கமுக்கமாக இருப்பதுதான் சிபாரிசுக்கு வசதி, சிக்கலாக இருப்பது அல்ல.

பணம் இல்லை என்பதைக் கடைசியாக வைத்தேன், அது சின்ன மறுப்பு என்பதற்காக அல்ல. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றியம் 60, மாநிலம் 40. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்திலும் அதோடு வரும் தேசியக் கல்விக் கொள்கையிலும் கையெழுத்துப் போட மறுத்ததற்காக 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. என் பார்வையில், பிள்ளைகளின் பணத்தை ஒரு கொள்கைக்குப் பிணையாகப் பிடித்துவைத்தது தவறு. ஆனால் இதில் இன்னொன்றும் தெரிந்தது. ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் மனஸ்தாபம் வந்தால் கணக்கு ஆசிரியர் சம்பளம் நிற்பதில்லை, அது கருவூலத்திலிருந்து வருகிறது. திட்டப் பணத்தில் தொங்கிக்கொண்டிருப்பவரின் ஊதியம்தான் தடுமாறும். தொகுப்பூதியத்தில் இருப்பவர் பெட்ரோலுக்குச் சொந்தக் காசைப் போட்டுக்கொண்டு மலை ஏறி எத்தனை ஆண்டு இருப்பார்? வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார். முதலில் காலியாவது கடைக்கோடி வட்டாரம். ஆக, பங்கீடு எவ்வளவு நியாயமாக எழுதப்பட்டாலும் வேலையின் தன்மையே அதை மெல்ல அழித்துவிடுகிறது. பணி நிரந்தரம் என்பது ஊழியர் கோரிக்கை என்றுதான் நாம் எப்போதும் வாசிக்கிறோம். இங்கே அது பிள்ளையின் கோரிக்கை.

பணமே இல்லாதபோதும் இந்த மாநிலம் சிறிய பள்ளிக்கு ஆள் போட்டிருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் மையத்துக்கு ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர் என்று பணியிடங்கள் உருவாயின. இன்று காலியிடங்களால் ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைப் பார்க்க நேரிடுகிறது என்றாலும், 'உங்கள் பள்ளியில் 15 பிள்ளைகள்தான், அதனால் சமையலர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார்' என்று எந்த அரசும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அடுத்த தேர்தலில் பதில் கிடைத்திருக்கும். பசி தினமும் வருவது எல்லோருக்கும் தெரிந்ததால் சமையலரும் தினமும் வருகிறார். தசை தினமும் இறுகுவது யாருக்கும் தெரிவதில்லை.

ஆட்டையாம்பட்டிக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. அது சேலம் மாவட்டத்தின் விளிம்பு. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது விழுந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் வெண்ணந்தூர், மல்லசமுத்திரம் வட்டாரங்கள். கோடு மனிதர்களுக்குத் தெரியாது. முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு தறிப் பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் குடும்பம் சில கிலோமீட்டர் நகர்ந்தாலே மாவட்டம் மாறிவிடுகிறது. பிள்ளையின் பெயரை, மாணவர் பதிவுக்கான எமிஸ் இணையதளத்தில் மாற்றிக்கொள்ள முடியும். அந்தப் பிள்ளைக்குப் பழகிய பயிற்றுநரை மாற்றிக்கொண்டு போகமுடியாது. அவர் பக்கத்து ஊரில்தான் இருப்பார், ஆனால் வேறு மாவட்டத்தின் ஊழியர். 'ஓரவஞ்சனை' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. ஒருபக்கம் சாய்வது என்று பொருள். இங்கே யாரும் வேண்டுமென்று சாயவில்லை. ஓரத்தில் இருப்பதே வஞ்சனையாகிவிடுகிறது. வட்டாரத்துக்குப் பதிலாகக் குறுவள மையத்தைப் பங்கீட்டின் அலகாக்கி, சுற்றியுள்ள பத்துப் பதினைந்து பள்ளிகளுக்கு ஒரு பயிற்றுநரின் பணியிடத்தை அங்கேயே ஒரு பள்ளியில் அமர்த்தி, எல்லையோர மையங்கள் இரண்டு மாவட்டப் பள்ளிகளையும் பார்க்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் இதில் பெரும்பகுதி தீரும். கூடுதல் ஆள் கேட்கிற யோசனைகூட இல்லை இது. இருக்கிறவரின் இருப்பிடத்தை மாற்றுவது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். துறை அளந்துதான் போடுகிறது, படிதான் தவறு. படியை மாற்றச் சென்னையில் முடிவெடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது, தீர்மானப் புத்தகம் இருக்கிறது. இதை வாசிக்கிற பெற்றோர் யாராவது அந்தக் குழுவில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் ஒன்றைக் கேளுங்கள்: போன மாதம் சிறப்புப் பயிற்றுநர் நம் பள்ளிக்கு எத்தனை நாள் வந்தார், எந்தப் பிள்ளையோடு எத்தனை மணி நேரம் இருந்தார்? பதில் என்னவாக இருந்தாலும், 'வரவில்லை' என்பதாகவே இருந்தாலும், அதைத் தேதி போட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.